எந்தத் தரவுக்கு எந்த வரைபு? கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

“சதவீதம் என்றால் வட்டம், ஆண்டு என்றால் கோடு, மிச்சமெல்லாம் சலாகை.” வகுப்பறைகளில் இப்படியொரு வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் விளைவை சாதாரண தரப் பிள்ளையின் செயற்றிட்டத்திலும் பார்க்கலாம், சனசமூக நிலையத்தின் ஆண்டறிக்கையிலும் பார்க்கலாம். வாய்ப்பாடு முழுப் பிழை என்று சொல்ல மாட்டோம். ஆனால் எண்ணின் தோற்றத்தைப் பார்த்துத்தான் அது வரைபைத் தெரிகிறது. அந்த எண்களிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதை அது பார்ப்பதேயில்லை. ஒரே ஐந்து எண்கள்கூட, கேள்வி மாறினால் வேறு வரைபைக் கேட்கும்.

தரவு என்பது எண்ணியோ அளந்தோ கேட்டோ சேர்த்த விபரம். வரைபு என்பது அந்த எண்களை நீளமாக, கோணமாக, புள்ளியின் இடமாக மாற்றிக் காட்டும் படம். சலாகை என்பது எண்ணுக்கேற்ற நீளத்தில் வரையும் பட்டை. “எது எதுவாக மாறுகிறது” என்பதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது.

ஐந்து மாவட்டங்கள், இரண்டு கேள்விகள்

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் வட மாகாணத்தின் மக்கள்தொகை 1,061,315. மாவட்டவாரியாக: யாழ்ப்பாணம் 583,882, வவுனியா 172,115, கிளிநொச்சி 113,510, மன்னார் 99,570, முல்லைத்தீவு 92,238.

முதற் கேள்வி: மாகாணத்தின் மக்களில் எவ்வளவு பங்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் இருக்கிறது? இதற்கு வட்ட வரைபு அருமையாகப் பொருந்தும். ஒரு பங்கின் ஆரைச்சிறைக் கோணம் வேண்டுமென்றால் அந்த எண்ணை மொத்தத்தால் வகுத்து 360 ஆல் பெருக்க வேண்டும். வட்டத்தின் மையத்திலிருந்து வெட்டிய துண்டுதான் ஆரைச்சிறை. யாழ்ப்பாணத்துக்கு 198 பாகை வருகிறது. 180 பாகை அரை வட்டம் என்பது எல்லோருக்கும் கண்பழக்கம். ஆகவே “பாதிக்குக் கொஞ்சம் மேல்” என்பது ஒரு எண்ணும் எழுதாமலே புரிந்துவிடும்.

இரண்டாம் கேள்வி: மன்னாரா முல்லைத்தீவா, எங்கே மக்கள் அதிகம்? அதே வட்டத்தில் மன்னாருக்கு 33.8 பாகை, முல்லைத்தீவுக்கு 31.3 பாகை. இரண்டு துண்டுகளும் வேறு வேறு திசையில் சாய்ந்து கிடக்கும். பாகைமானி வைக்காமல் எது பெரிது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதையே சலாகை வரைபாக, 1 சென்ரிமீற்றருக்கு 50,000 பேர் என்ற அளவிடையில் வரைந்து பாருங்கள். யாழ்ப்பாணம் 11.7 சென்ரிமீற்றர், வவுனியா 3.4, கிளிநொச்சி 2.3, மன்னார் 2.0, முல்லைத்தீவு 1.8. மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஒன்றரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம். ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண் அதைப் பிடித்துவிடும். (அளவிடை என்பது தாளில் ஓரலகு நீளம் உண்மையில் எத்தனையைக் குறிக்கிறது என்ற ஒப்பந்தம்.)

எண்கள் மாறவேயில்லை. “மொத்தத்தில் எவ்வளவு பங்கு?” என்ற கேள்வி வட்டத்தைக் கேட்டது. “எது எதைவிடப் பெரிது?” என்ற கேள்வி சலாகையைக் கேட்டது.

சலாகைகளை நிறுத்தும் ஒழுங்கிலும் கவனம் வேண்டும். மாவட்டங்களுக்கு இயல்பான வரிசை என்று ஒன்றில்லை, ஆகவே பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்குவது நல்லது. மாதங்களையும் தரங்களையும் அப்படிக் கலைக்கக் கூடாது. அவற்றுக்கென்று பிறப்பிலேயே ஒரு வரிசை இருக்கிறது.

கண் எதை நன்றாக அளக்கிறது

இரண்டு பிள்ளைகளில் யார் உயரம் என்று பார்க்க என்ன செய்வோம்? முதுகோடு முதுகாக ஒரே தரையில் நிறுத்துவோம். ஒருவர் திண்ணையிலும் மற்றவர் முற்றத்திலும் நின்றால் கணக்குப் போட வேண்டியிருக்கும். ஒரே தரையில் நின்றால் தலை எங்கே முடிகிறது என்று பார்த்தாலே போதும்.

சலாகை வரைபின் பலம் இதுதான். எல்லாச் சலாகைகளும் ஒரே அடிக்கோட்டில் நிற்கின்றன, கண் நுனிகளை மட்டும் ஒப்பிடுகிறது. வில்லியம் கிளீவ்லாண்ட், ரொபேர்ட் மக்கில் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984 இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பரிசோதித்தே காட்டியது. ஒரே அளவிடையில் இடத்தை ஒப்பிடும்போது மனிதர் விடும் பிழை மிகக் குறைவு. அடிக்கோடு பொதுவாக இல்லாத நீளங்களில் பிழை கூடும், கோணத்தில் மேலும் கூடும், பரப்பளவில் இன்னும் கூடும்.

முப்பரிமாண வட்டத்தைக் கைவிடச் சொல்வதும் இதனால்தான். கணினியின் எக்ஸெல் மென்பொருளில் அது ஒரே சொடுக்கில் கிடைக்கிறது, பார்வைக்கும் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் வட்டத்தைச் சாய்த்தவுடன் முன்பக்கத் துண்டு தன் தடிப்பையும் சேர்த்துக் காட்டிப் பெரிதாகிவிடும், பின்பக்கத் துண்டு ஒடுங்கிவிடும். 20 சதவீதம் முன்னால் இருந்தால் பின்னால் இருக்கும் 25 சதவீதத்தை மிஞ்சியதுபோலத் தோன்றும். எந்த எண்ணையும் மாற்றாமல் சொல்லப்படும் பொய் அது. தயவுசெய்து அதைப் பாவிக்காதீர்கள்.

தரையை வெட்டினால் நடப்பது இன்னும் மோசம். ஒரு பாடசாலையில் சித்தி வீதம் 82, இன்னொன்றில் 86 என்று வைத்துக்கொள்வோம். நிலைக்குத்து அச்சை 80 இல் தொடங்கினால் ஒரு சலாகையின் உயரம் 2 அலகு, மற்றதன் உயரம் 6 அலகு. மூன்று மடங்கு! உண்மையில் வித்தியாசம் 4 புள்ளிகள். யாரும் ஏமாற்ற நினைத்து இப்படிச் செய்வதாக எண்ண வேண்டாம். எண்கள் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கும்போது எக்ஸெல் தானாகவே அச்சைப் பூச்சியத்துக்கு மேலே தொடங்கிவிடும். அச்சில் உள்ள எண்களை இரண்டு முறை சொடுக்கினால் வலப்பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கும். அதில் ‘மினிமம்’ என்ற இடத்தில் 0 என்று நீங்களே எழுதுங்கள்.

சுருங்கச் சொன்னால், சலாகையின் பேச்சு நீளத்தால் நடக்கிறது. ஆகவே அது பூச்சியத்திலிருந்துதான் எழும்ப வேண்டும்.

வட்டத்துக்கு ஒரு நிபந்தனை

வட்டம் என்றால் முழுமை. துண்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே முழுமையாக வேண்டும், ஒரு வீடோ ஒரு ஆளோ இரண்டு துண்டுகளில் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் செயற்றிட்டங்களில் அதிகம் உடைவது இந்த நிபந்தனைதான்.

ஓர் ஊரில் 100 வீடுகளில் “உங்கள் வீட்டில் என்னென்ன வாகனம் உண்டு?” என்று கேட்டதாக வைப்போம். 90 வீடுகளில் சைக்கிள், 60 இல் மோட்டார் சைக்கிள், 15 இல் முச்சக்கரவண்டி. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்தே இருக்கும் வீடுகள்தானே இங்கே அதிகம்! மூன்றையும் கூட்டினால் 165 வருகிறது. இதை வட்டமாகக் கேட்டால் எக்ஸெல் மறுக்காது. 165 ஐ முழுமையாக எடுத்து, சைக்கிளுக்கு 54.5 சதவீதம், மோட்டார் சைக்கிளுக்கு 36.4, முச்சக்கரவண்டிக்கு 9.1 என்று பிரித்துத் தந்துவிடும். வாசிப்பவர் “பாதி வீடுகளில்தான் சைக்கிள் இருக்கிறது” என்று விளங்கிக்கொள்வார். உண்மையோ பத்துக்கு ஒன்பது வீடு.

ஒருவர் பல விடை சொல்லக்கூடிய எந்தக் கேள்விக்கும் சலாகையே பொருந்தும். அச்சு 0 இலிருந்து 100 வரை போகட்டும், ஒவ்வொரு சலாகையும் தனித்தனியே “இத்தனை வீடுகள்” என்று சொல்லட்டும்.

இன்னொன்று, துண்டுகள் ஐந்தைத் தாண்டினால் வட்டத்தை விட்டுவிடுவது நல்லது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. 15 துண்டுகளும் 15 நிறங்களும், பக்கத்தில் நிறத்துக்கு விளக்கமும் போட்டால் வாசகர் நெடுந்தீவைத் தேடியே களைத்துப்போவார். கிடையான சலாகைகளாக வரைந்தால், ‘வடமராட்சி தென்மேற்கு’ போன்ற நீண்ட பெயர்களையும் இடப்பக்கத்தில் சாய்க்காமல் எழுதலாம்.

கோடு என்ன வாக்குறுதி தருகிறது

கோட்டு வரைபில் புள்ளிகளை இணைக்கிறோம். இணைக்கும்போது, “இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இடையிலும் இப்படித்தான் போனது” என்று வாசகருக்குச் சொல்லாமற் சொல்கிறோம். மாவட்டங்களைக் கோட்டால் இணைக்கக் கூடாததும் அதனால்தான். மன்னாருக்கும் வவுனியாவுக்கும் நடுவில் பாதி மாவட்டம் ஒன்று கிடையாது.

காலத்தைக் கிடையச்சில் வைக்கும்போதும் இந்த வாக்குறுதி சில இடங்களில் உடையும். நமக்கே உரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1981 குடிசன மதிப்பீட்டில் இன்றைய யாழ்ப்பாண மாவட்ட எல்லைக்குள் இருந்தவர்கள் 738,788 பேர், 2012 இல் 583,882 பேர். இடையில் 1991 இல் நாட்டில் கணக்கெடுப்பு நடக்கவில்லை, 2001 இல் வடக்கில் அது முழுமையாக நடக்கவில்லை. இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், மக்கள்தொகை 31 ஆண்டுகளாக ஆண்டுக்குச் சுமார் 5,000 வீதம் அமைதியாகக் குறைந்ததுபோல இருக்கும். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்ததும், பின்னர் ஒரு பகுதியினர் திரும்பி வந்ததும் அந்த வழவழப்பான கோட்டுக்கு அடியில் புதைந்துபோகும். தரவில்லாத இடத்தில் கோட்டை முறித்துவிடுங்கள், அல்லது புள்ளிக்கோடாகப் போட்டு “கணக்கெடுப்பு இல்லை” என்று எழுதுங்கள். இரண்டே புள்ளிகள்தான் இருக்கின்றன என்றால் இரண்டு சலாகைகள் போதும்.

எல்லையையும் கவனியுங்கள். கிளிநொச்சி 1984 இல்தான் தனி மாவட்டமாகியது. 1981 அறிக்கையில் யாழ்ப்பாண மாவட்டம் என்று இருக்கும் 830,552 என்ற எண்ணில் கிளிநொச்சியின் 91,764 பேரும் அடங்குவர். அதை அப்படியே எடுத்து 2012 உடன் ஒப்பிட்டால் வரைபு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒப்பீடு பிழை.

ஆண்டுகளுக்கு இடையிலான தூரத்திலும் பிழை நடக்கும். 1971, 1981, 2012 என்று மூன்று புள்ளிகள் இருந்தால், எக்ஸெலின் சாதாரணக் கோட்டு வரைபு ஆண்டுகளைப் பெயர்களாக எடுத்து அவற்றைச் சம தூரத்தில் வைக்கும். 10 ஆண்டும் 31 ஆண்டும் ஒரே அகலமாகிவிடும். கிராப் தாளில் 5 ஆண்டுக்கு 1 சென்ரிமீற்றர் என்று எடுத்தால் முதல் இடைவெளி 2 சென்ரிமீற்றர், இரண்டாவது 6.2. எக்ஸெலில் இதைச் சரியாகப் பெற ‘ஸ்கட்டர்’ (சிதறல்) வகையில் கோட்டுடன் வரும் வடிவத்தைத் தெரியுங்கள். கோட்டு வரைபையே பாவிப்பதென்றால் இன்னொரு தொல்லை உண்டு: ஆண்டு நிரலையும் ஒரு தரவாக நினைத்து 2,000 உயரத்தில் ஒரு தட்டைக் கோட்டை எக்ஸெல் சேர்த்து வரைவதுண்டு. ஆண்டு நிரலின் தலைப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தரவைத் தெரிவுசெய்தால் அநேகமாக அது வராது.

கோட்டு வரைபு பூச்சியத்தில் தொடங்கியே ஆக வேண்டும் என்றில்லை. அது பேசுவது சரிவால், நீளத்தால் அல்ல. ஆண்டு முழுவதும் சில பாகைகளுக்குள்ளேயே ஏறி இறங்கும் யாழ்ப்பாணத்து வெப்பநிலையை 0 இலிருந்து வரைந்தால் தட்டையான கோடுதான் கிடைக்கும். 24 இலிருந்து 32 வரை அச்சு வைத்தால் ஏற்ற இறக்கம் தெரியும். மழைவீழ்ச்சி வேறு விதம். ஒரு மாதத்தின் மழை என்பது அந்த மாதத்தில் சேர்ந்த தொகை, ஆகவே சலாகை. வெப்பநிலை எந்த நேரமும் இருந்துகொண்டே மாறுவது, ஆகவே கோடு. புவியியல் பாடநூல்களின் காலநிலை வரைபுகளில் மழை சலாகையாகவும் வெப்பநிலை கோடாகவும் இருப்பது இதனால்தான். யாழ்ப்பாணத்துக்கான வரைபில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான சலாகைகள் மட்டும் எழும்பி நிற்பதைப் பார்க்கலாம்.

சலாகை, கோடு இரண்டையும் முதலில் ஒழுங்காகப் பாவித்தவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேயர். 1786 இல் வெளியிட்ட நூலில் நாடுகளின் வர்த்தகத்தை ஆண்டுவாரியாகக் கோடுகளால் காட்டினார். ஸ்கொட்லாந்துக்கு மட்டும் அவரிடம் ஒரே ஒரு ஆண்டின் ஏற்றுமதி இறக்குமதி விபரம்தான் இருந்தது. ஒரு ஆண்டை வைத்துக் கோடு இழுக்க முடியாதே! ஆகவே நாடுவாரியாகச் சலாகைகள் வரைந்தார். கையில் என்ன தரவு இருக்கிறது, அது எதைச் சொல்ல இடம் தருகிறது என்று பார்த்துத் தெரிந்த வரைபு அது. வட்ட வரைபையும் 1801 இல் அவரே அறிமுகப்படுத்தினார்.

சலாகையும் வலையுரு வரையமும் ஒன்றல்ல

தோற்றத்தில் இரண்டும் சகோதரர்கள்போல இருப்பதால் இங்கே குழப்பம் அதிகம். மாவட்டம், வாகனம், விருப்பப் பாடம் போன்ற பெயர்களுக்குச் சலாகை வரைபு. பெயர்கள் தனித்தனி என்பதால் சலாகைகளுக்கு நடுவில் இடைவெளி விடுவோம். புள்ளி, உயரம், வயது போன்ற அளவுகளை வகுப்பாயிடைகளாகப் பிரிக்கும்போது வலையுரு வரையம். 30 இலிருந்து 40 வரை என்பது ஒரு வகுப்பாயிடை, அதற்குள் விழுந்தவர்களின் எண்ணிக்கை மீடிறன். 40 இல் ஒன்று முடிய அதே இடத்தில் அடுத்தது தொடங்குகிறது, ஆகவே நிரல்களுக்கு நடுவில் இடைவெளி இல்லை. சரியாக 40 எடுத்த பிள்ளையை எந்த வகுப்பில் போடுவது என்று முதலிலேயே முடிவுசெய்து, அதைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

ஆழமான வித்தியாசம் இனித்தான் வருகிறது. வலையுரு வரையத்தில் மீடிறனைச் சொல்வது பரப்பளவு. 40 பிள்ளைகளின் புள்ளிகள் இப்படி இருப்பதாக எடுப்போம்: 0–30 இல் 6 பேர், 30–40 இல் 6, 40–50 இல் 9, 50–60 இல் 9, 60–80 இல் 10. மீடிறனையே உயரமாக எடுத்தால் 60–80 நிரல் 10 அலகு உயரத்தில் எல்லாவற்றையும் விட எழும்பி நிற்கும். அகலமும் இரட்டிப்பு என்பதால் 20 பேர் அங்கே இருப்பதுபோலக் கண் எடுத்துக்கொள்ளும். “வகுப்பு நன்றாகச் செய்திருக்கிறது” என்று முடிவும் கட்டிவிடுவோம்.

சரியான வழி: 10 புள்ளி அகலத்தை ஓரலகாக எடுத்து, மீடிறனை அகலத்தின் அலகுகளால் வகுக்க வேண்டும். 0–30 க்கு 6 ஐ 3 ஆல் வகுக்க 2. நடுவில் உள்ள மூன்றும் மாறாமல் 6, 9, 9. 60–80 க்கு 10 ஐ 2 ஆல் வகுக்க 5. இப்போது முகடு 40 க்கும் 60 க்கும் இடையில் நிற்கிறது. ஒரே தரவு, ஆனால் படம் சொல்லும் கதை தலைகீழ். எக்ஸெலின் ஆயத்த வலையுரு வரையம் நிரல்களைச் சம அகலத்திலேயே வரையும், ஆகவே சமமற்ற வகுப்பாயிடைகளுக்குக் கிராப் தாளும் பென்சிலுமே கைகொடுக்கும்.

இரண்டு அளவுகள் சேர்ந்து நடக்கின்றனவா?

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடைத்தூரம் கூடினால் கிணற்று நீரில் நைத்திரேற்று குறைகிறதா? ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத, சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது நியாயமான கேள்வி. மேலே சொன்ன எந்த வரைபும் இதற்கு உதவாது. ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு எண்கள் இருக்கின்றன: தூரமும் நைத்திரேற்றும். தூரத்தைக் கிடையச்சிலும் நைத்திரேற்றை நிலைக்குத்து அச்சிலும் எடுத்து, கிணற்றுக்கு ஒரு புள்ளி வையுங்கள். இதுதான் சிதறல் வரைபு. புள்ளிகளை இணைக்கவே கூடாது, ஒரு கிணறு இன்னொரு கிணற்றின் தொடர்ச்சியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டல் அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமில் கிடையாக ஒரு கோடு போட்டால், எத்தனை கிணறுகள் அதைத் தாண்டுகின்றன என்பதும் அதே படத்தில் தெரியும்.

புள்ளிக் கூட்டம் வலப்பக்கமாகச் சரிந்து இறங்கினால் தூரம் கூடக் கூட நைத்திரேற்று குறைகிறது என்று சொல்லலாம். குழிதான் காரணம் என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெரிய வளவுகளில் குழி தூரத்தில் இருக்கும். அதே வளவில் வெங்காயத் தோட்டமும் இருந்தால் உரத்திலிருந்தும் நைத்திரேற்று இறங்கும். அப்போது தூரத்துக் கிணறுகளிலும் அளவு கூடி, சரிவே இல்லாததுபோலத் தோன்றும். தோட்டக் கிணறுகளுக்குக் குறுக்குக் குறியும் வீட்டுக் கிணறுகளுக்கு வட்டப் புள்ளியும் போட்டுப் பாருங்கள். ஒன்றாகக் கலந்து கிடந்த கூட்டம் சிலவேளை இரண்டாகப் பிரியும்.

கையளிக்க முதல்

தலைப்பில் எது, எங்கே, எந்த ஆண்டு என்ற மூன்றும் இருக்கட்டும். “மக்கள்தொகை வரைபு” என்று மட்டும் எழுதினால் போதாது. “வட மாகாண மக்கள்தொகை, மாவட்டவாரியாக, 2012” என்று எழுதினால் வாசகர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அச்சுகளில் அலகை எழுதுங்கள். எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கீழே ஒரு வரியில் போடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அநேக அறிக்கைகள் கடைசியில் கறுப்பு வெள்ளைப் போட்டோக்கொப்பியாகத்தான் கைக்கு வருகின்றன. சிவப்பும் பச்சையும் நீலமும் அங்கே ஒரே சாம்பலாகிவிடும், பக்கத்தில் இருக்கும் நிற விளக்கமும் பயனற்றுப்போகும். பெயரையும் எண்ணையும் துண்டின்மேலோ சலாகையின் நுனியிலோ நேரடியாக எழுதிவிட்டு, ஒரு கொப்பி எடுத்து, தரவைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து “இதில் என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் வசனம் நீங்கள் தொடங்கிய கேள்விக்கு விடையாக இல்லையென்றால் வரைபின் வகையை மாற்றுங்கள்.